வெலிமடைக் கல்நிலத்தில் திராட்சை வருமா?

கேள்வி: வெலிமடையில் எங்களுக்கு அரை ஏக்கர் இருக்கிறது. முன்பு தேயிலை நின்ற, கல்லும் பாறையுமான நிலம். எரிமலை மண்ணில் பயோடைனமிக் என்ற ஒருவகை இயற்கை விவசாய முறையில் திராட்சை வளர்த்து வைன் செய்கிறார்கள் என்று வாசித்தேன். இங்கே சரிவருமா?

பதில்: திராட்சை வரும். ஆனால் உங்கள் கல் எரிமலைக் கல் இல்லை. இத்தாலியின் எட்னா, கிரேக்கத்தின் சந்தோரினி பக்கம் இருப்பது எரிமலை கக்கிய சாம்பலும் குழம்பும். நம் மலைநாட்டுப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறியது. அதனால் குறை ஒன்றுமில்லை. வேரடியில் தண்ணீர் தேங்காது என்பதால்தான் திராட்சைக்குக் கல்நிலம் பிடிக்கிறது. இரண்டடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் கிடந்தால் அந்த இடம் வேண்டாம்.

சிக்கல் மண்ணின் புளிப்புதான். புளிப்பை பிஎச் என்ற அளவால் சொல்வார்கள், எண் குறைந்தால் புளிப்பு அதிகம். தேயிலைக்கு பிஎச் 5 போதும், திராட்சை 6க்கு மேல் கேட்கும். யாழ்ப்பாணத்தில் முந்திரிகை (திராட்சை) செழிப்பதற்கு அந்தச் சுண்ணக்கல் நிலமும் ஒரு காரணம். மண்ணைப் பரிசோதித்து, புளிப்பைக் குறைக்கும் சுண்ணப் பொடியான டொலமைட் எவ்வளவு போடலாம் என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். நடுவதற்குச் சில மாதம் முன்பே போட்டுவிட வேண்டும்.

அப்புறம் மழை. நம் குளிரில் கொடி முழுதாக உறங்காது, கவ்வாத்துதான் அதை எழுப்பும். வெட்டி ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். மே நடுவில் வெட்டினால் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான வெயிலில் காய் முற்றும், ஒக்டோபர் மழைக்கு முன் பறித்துவிடலாம். பந்தல் போடாதீர்கள், அடியில் ஈரம் அடைந்து பூஞ்சணம் பிடிக்கும். கம்பி வரிசையில் ஏற்றி, குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

பயோடைனமிக் முறை 1924இல் ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளிலிருந்து வந்தது. மாட்டுக் கொம்பில் சாணம் அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து, எடுத்ததில் ஒரு பிடியைத் தண்ணீரில் ஒரு மணிநேரம் கலக்குவார்கள். நடுவில் ஆழமாகச் சுழி விழுந்ததும் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். படிகக்கல் பொடியையும் கொம்பில் அடைத்துப் புதைப்பார்கள், ஆனால் அது கோடைகாலத்தில். கொம்பு தனியாகப் பலன் தருகிறது என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. கூட்டெருவும் மூடாக்கும் பலன் தருவதைக் கண்ணால் பார்க்கலாம், முதலில் அவற்றைச் செய்யுங்கள். கொம்பு பிறகு வரட்டும். பூஞ்சணத்துக்குக் கந்தகமும் அளவான செம்பும் இந்த முறையிலும் அனுமதிதான்.

வைன் விஷயத்தில் அவசரம் வேண்டாம். விற்கச் செய்வதானால் மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இப்போதைக்குப் பத்துக் கொடி நட்டு, பழமாக விற்கும் கணக்கைப் போடுங்கள்.