லினக்ஸ் டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் ஜன்னலில்) தமிழ் உடைந்து தெரிகிறது. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா?

எப்படி உடைகிறது என்பதைப் பொறுத்தது. வெறும் கட்டங்களாக வந்தால் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழையோ லோஹித் தமிழையோ நிறுவி, டெர்மினலை மூடித் திறந்தால் போதும்.

கேள்விக்குறிகளோ, சாய்கோடு போட்ட 340, 256 போன்ற எண்களோ வந்தால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், வழக்கமான தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட்டை ஆக்டல் (எட்டின் அடிமான) முறையில் எழுதினால் 340. மொழி அமைப்பைக் காட்டும் லோகேல் (locale) கட்டளையை அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தமிழ் எழுத்தை அறியாத போசிக்ஸ் (POSIX) என்றிருக்கும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து நுழையும் சர்வர்களில் இது சகஜம். லாங் (LANG) மாறியை சி.யூடிஎஃப்-8 (C.UTF-8) என வைத்தால் தீர்ந்துவிடும். நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மட்டும் அப்போதும் அடம்பிடிக்கும்: தமிழ்க் கோப்புப் பெயர்களை எண்களாகவே காட்டும். அதற்கு கோர்.குவோட்பாத் (core.quotepath) அமைப்பை ஃபால்ஸ் (false) ஆக்க வேண்டும்.

எழுத்து தெரிகிறது, ஆனால் 'கொடு'வில் கொம்பும் காலும் புள்ளிவட்டத்தோடு பிரிந்து நிற்கிறது என்றால், அங்கேயும் எழுத்துரு கைகொடுக்காது. டெர்மினல் திரை என்பது சம அகலக் கட்டங்களின் வலை. 1978இல் வந்த விடி100 முனையத்தின் 80 பத்தி, 24 வரி அமைப்பைத்தான் இன்றைய ஜன்னல்களும் பின்பற்றுகின்றன. எந்தக் குறியீட்டுக்கு எத்தனை கட்டம் என்பதை ஒரு பட்டியல் சொல்கிறது. யூனிகோடில் 'ீ' இடம் பிடிக்காத குறி, 'ி' இடம் பிடிக்கும் குறி. லினக்ஸ் நிரல்கள் பொதுவாகச் சார்ந்திருக்கும் குனு சி நூலகத்தின் கணக்குப்படி 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரே கட்டம்! தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் இப்படிப் பிரிக்க மாட்டார்கள். 'கீ' ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த எழுத்தின்மேல் ஏறுவது இதனால்தான். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் ஒரு கணக்கும் டெர்மினல் இன்னொரு கணக்கும் வைத்திருந்தால், பேக்ஸ்பேஸ் அடிக்கும்போது கர்சர் வேறெங்கோ போய் நிற்கும்.

இதோடு, 'கு', 'டு', 'மு' போன்றவற்றுக்குத் தனி வடிவம் எடுத்துத் தர ஹார்ஃப்பஸ் மாதிரி வடிவமைப்பு இயந்திரம் வேண்டும். ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியாக வரையும் டெர்மினலில் எந்த எழுத்துருவைப் போட்டாலும் புள்ளிவட்டம் போகாது. ஆகவே டெர்மினலையே மாற்றுங்கள். நான் கான்சோல் (Konsole) என்ற டெர்மினலைப் பயன்படுத்துகிறேன். கூட்டெழுத்துகள் ஒழுங்காகச் சேர்கின்றன, கர்சர் மட்டும் சிலசமயம் தள்ளாடும். எம்எல்டெர்ம் (mlterm) என்ற இன்னொரு டெர்மினல் பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் இந்திய எழுத்துகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் வரும் கறுப்புத் திரையில் மட்டும் முயல வேண்டாம். அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான், கூட்டெழுத்தைச் சேர்க்கும் ஏற்பாடும் கிடையாது.