உயர் நீதிமன்ற நீதிபதியின் வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது எதை 'நியமன தேதி' என்று போடுவது?

'நியமிக்கப்பட்டார்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். கொலீஜியம் (நீதிபதிகளைத் தேர்வு செய்யும் மூத்த நீதிபதிகள் குழு) பரிந்துரைத்த நாள், மத்திய அரசின் அறிவிக்கை வந்த நாள், பதவிப் பிரமாணம் எடுத்த நாள் மூன்றும் வேறு வேறு. பதவிக்காலம் பிரமாணம் எடுத்த நாளிலிருந்துதான் ஓடும். பத்திரிகைத் தலைப்பில் வருவதோ பெரும்பாலும் பரிந்துரைத்த நாள். போதாததற்கு, பெரும்பாலும் முதலில் கூடுதல் நீதிபதி (ஒரு நியமனம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகாது), பிறகுதான் நிரந்தரம்.

உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஃபாத்திமா பீவியையே எடுங்கள். கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது 1983 ஆகஸ்ட் 4. நிரந்தரமானது 1984 மே 14. எந்த ஆண்டைப் போட்டாலும் சரிதான், எது எதற்கென்று சொன்னால். பிறந்தது 1927 ஏப்ரல் 30. ஓய்வு வயது 62 என்று கூட்டி 1989 ஏப்ரல் 30 என்று போட்டால் ஒரு நாள் பிசகும். ஓய்வு பெற்றது 29. பிறந்தநாளுக்கு முந்தைய நாளே வயது நிறைந்துவிடுகிறது என்பது சட்டக் கணக்கு. உச்ச நீதிமன்றம் போனது அக்டோபர் 6. நடுவில் ஐந்து மாதம் அவர் எந்த நீதிமன்றத்திலும் இல்லை. 'அங்கிருந்து நேரே பதவி உயர்வு' என்பது தப்பு.

1963க்கு முன் ஓய்வு வயது 60. பழைய ஆட்களுக்கு 62 வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பிறந்த தேதி இரண்டு விதமாகக் கிடைத்தால் நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் கொடுங்கள். கல்கத்தா நீதிபதி ஜே.பி. மிட்டரின் பிறந்த ஆண்டு 1901ஆ 1904ஆ என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது.

'முதல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைமொழி கட்டாயம். சென்னையில் முத்துசாமி ஐயர் 1893லேயே பொறுப்புத் தலைமை நீதிபதியாக இருந்தவர். 1948இல் வந்த ராஜமன்னார் முதல் இந்திய நிரந்தரத் தலைமை நீதிபதி. 'நிரந்தர' விட்டுப்போனால் வாக்கியமே பொய்.

தீர்ப்புகளில் நடக்கும் கூத்து தனி. டிவிஷன் பெஞ்சில் (இரண்டு நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்கும் அமர்வு) உட்கார்ந்திருந்தவரெல்லாம் தீர்ப்பை எழுதியவர் ஆகிவிட மாட்டார். தீர்ப்பின் தலைப்பகுதியில் இரண்டு பெயரும் இருக்கும். எழுதியவர் பெயர் பெரும்பாலும் அதற்குக் கீழே, உரை தொடங்கும் இடத்தில் தனியாக வரும். அதைப் பார்த்த பிறகே 'தீர்ப்பளித்தார்' என்று ஒருமையில் எழுதுங்கள். மேல்முறையீட்டில் அது ரத்தானதா என்றும் பார்த்துவிடுங்கள். பிரிவு உபசார உரையில் ரத்தான தீர்ப்பைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.