உடம்பு இருக்கிறது, ஆறு மணிக்கு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்

"கடவுள் உடம்பைக் குடுத்துட்டார், எழுந்திருக்கிற புத்தியைக் குடுக்கலை" என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹூஸ்டன் பக்கத்திலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஏ.பி. கால்குலஸ், கம்ப்யூட்டர் சயன்ஸ், எந்தக் கல்லூரி என்றுதான் இருக்கும். அமெரிக்கன் ஃபுட்பாலில் லைன்மேனாக, அதாவது முன்வரிசையில் நின்று மோதுகிறவனாக ஆடும் பையனைப் பற்றி ஒரு தமிழ் அம்மா கேட்பது இதுதான் முதல் முறை.

பையன் பத்தாம் வகுப்பு, ஆறடி நான்கு அங்குலம், 285 பவுண்டு. ஆட்டத்தன்று எதிரணி இரண்டு பேரைப் போட்டு அவனைத் தடுக்கிறது. கோச் இவனுக்குக் கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைக்கலாம் என்கிறார். ஆனால் காலை வெயிட் ரூமுக்கு வாரத்தில் பாதி நாள் போவதில்லை, விசில் ஊதிய பிறகும் ஆளைத் தள்ளி இரண்டு முறை பெனால்ட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறான், கேட்டால் "மேட்ச்ல நான்தானே ஜெயிக்க வைக்கிறேன்" என்கிறான். அப்பா ஃபுட்பாலையே நிறுத்திவிடலாம் என்கிறார். இதுதானே விஷயம்?

நிறுத்துவதா வேண்டாமா என்பதற்கு முன்னால் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த் கதையைச் சொல்கிறேன். உங்கள் பையன் ஆடும் அதே டிஃபென்சிவ் டேக்கிள் இடம்தான், தடுக்கும் அணியின் முன்வரிசையில் நடுவில் நிற்பவர். அவனுக்குப் பெயர் தெரிந்திருக்கும், சோம்பேறிக்கு உதாரணமாக யூடியூபில் அவரைத்தான் காட்டுவார்கள். அந்தக் காட்சி மட்டும் பார்த்தால் போதாது.

ஆறடி ஆறு அங்குலம், 330 பவுண்டுக்கு மேல், அந்த உடம்பை வைத்துக்கொண்டு அத்தனை வேகம். தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள், 2002 டிராஃப்ட்டில் டென்னசி டைட்டன்ஸ் அவரை 15ஆவது ஆளாக எடுத்தது. 2006 அக்டோபர் 1 அன்று டல்லஸுடன் ஆட்டம். கீழே கிடந்த ஆண்ட்ரே குரோட் என்ற வீரரின் ஹெல்மெட் கழன்றிருந்தது, ஹேன்ஸ்வொர்த் அவர் முகத்தை ஷூக் காலால் மிதித்தார். 30 தையல். மன்னிப்புக் கேட்டார், ஆனால் என்எஃப்எல் சம்பளமில்லாமல் ஐந்து ஆட்டம் தடை விதித்தது. களத்தில் செய்த குற்றத்துக்கு அதுவரை யாருக்கும் அவ்வளவு நீண்ட தடை விழுந்ததில்லை.

இதோடு அவர் கதை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? முடியவில்லை. அவர் வாழ்க்கையின் ஆகச் சிறந்த இரண்டு சீசன் அதற்குப் பிறகுதான் வந்தன. 2007, 2008 இரண்டிலும் ஆல்-ப்ரோ, அதாவது லீகிலேயே அந்த இடத்தில் ஆடுகிறவர்களில் ஆகச் சிறந்தவர் பட்டியலில் இடம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அதை எறிவதற்குள் மடக்கிக் கீழே சாய்ப்பதை சாக் என்பார்கள், நடுவில் நிற்கும் டேக்கிளுக்கு அது லேசில் கிடைக்காது, 2008இல் மட்டும் அவர் 8.5 சாக் எடுத்தார். அந்த ஆண்டு டைட்டன்ஸ் 16 ஆட்டத்தில் 13 ஜெயித்தது. ஆகவே அம்மா, இரண்டு பெனால்ட்டியை வைத்துப் பையன் கெட்டுப்போய்விட்டான் என்று முடிவு கட்டாதீர்கள். (பெனால்ட்டி வாங்கியது தப்பில்லை என்று நான் சொல்லவில்லை, அதை அவனிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.)

ஆனால் அந்த இரண்டு வருடமும் எப்படிப்பட்ட வருடங்கள் என்று பாருங்கள். முதல் ஒப்பந்தம் முடியும் தறுவாய் ஒன்று, ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆடியது இன்னொன்று. பெரிய பணம் இன்னும் கைக்கு வரவில்லை, எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜிம் வாஷ்பர்ன் என்ற லைன் கோச், இவரை எப்படி ஓட்டுவது என்று தெரிந்தவர். ஆட்டமுறையும் இவருக்கென்றே தைத்த சட்டை மாதிரி, இடைவெளியைப் பார், பாய், அவ்வளவுதான்.

2009 பிப்ரவரியில் வாஷிங்டன் அணி ஏழு வருடத்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அதில் 4.1 கோடி உறுதிப்பணம், ஆடினாலும் ஆடாவிட்டாலும் வரும். அடுத்த ஆண்டே புது கோச் மைக் ஷனஹன் வந்து முறையை மாற்றினார். நடுவில் நின்று இரண்டு தடுப்பாளர்களைத் தன்மேல் இழுத்துக்கொள்ள வேண்டும், பின்னாலிருந்து வருகிறவன் சாக் எடுத்துப் பேர் வாங்குவான். ஹேன்ஸ்வொர்த் இதற்கு நான் வரவில்லையே என்றார். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஏப்ரலில் 2.1 கோடி டாலர் போனஸை வாங்கிக்கொண்டு அதற்குப் பிறகு அணியின் பயிற்சிக்கு வராமல் இருந்தார் பாருங்கள், அதோடு நியாயம் கையை விட்டுப் போய்விட்டது. முறை மாறுவது, மேனேஜர் மாறுவது, தன் வேலைக்கு இன்னொருவன் பேர் வாங்குவது, இதெல்லாம் ஃபுட்பாலில் மட்டுமா? உங்கள் வீட்டுக்காரர் இருபது வருடமாக ஐ.டி.யில் இருக்கிறாராமே, அவரைக் கேளுங்கள்.

ஜூலையில் பயிற்சி முகாமுக்கு வந்தவரிடம் ஷனஹன் ஓடிக் காட்டு என்றார். முன்னும் பின்னுமாக மொத்தம் 300 கஜம் ஓட வேண்டும், 70 வினாடிக்குள். மூன்றரை நிமிடம் இளைப்பாறிவிட்டு மறுபடி 300 கஜம், 73 வினாடிக்குள். முழங்கால் வலி என்றும் சொன்னார்கள், எப்படியோ அந்த ஒரு சோதனையைத் தாண்ட அவருக்குப் பத்து நாள் ஆனது, செய்தி சேனல்கள் தினமும் அதையே காட்டின. நவம்பரில் ஈகிள்ஸுடன் திங்கள் இரவு ஆட்டம், 59-28 என்று வாஷிங்டன் உதை வாங்கியது. ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் மைக்கேல் விக் பந்தை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓட, இவர் விழுந்த இடத்திலேயே படுத்துக் கிடந்தார். உங்கள் பையன் பார்த்திருக்கப் போகும் காட்சி அதுதான். டிசம்பரில் கடைசி நான்கு ஆட்டத்துக்கு அணியே அவரைத் தடை செய்தது. வாஷிங்டனில் மொத்தம் 20 ஆட்டம், 6.5 சாக். அப்புறம் டிராஃப்ட்டின் ஐந்தாம் சுற்றில் ஓர் ஆளை எடுக்கும் உரிமைக்கு ஈடாகப் பேட்ரியட்ஸுக்குப் போனார், சீசன் முடிவதற்குள் அவர்களும் விட்டார்கள், மிச்சத்தை டாம்பாவில் ஆடினார். 30 வயதில் எல்லாம் முடிந்தது.

இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஹேன்ஸ்வொர்த் உழைக்கத் தெரியாத மனிதர் இல்லை, உழைக்காமல் யாரும் ஆல்-ப்ரோ ஆக முடியாது. அவருடைய உழைப்பை வாஷ்பர்னும் வரப்போகிற பணமும் வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தார்கள், இரண்டும் போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டது. உங்கள் பையனின் உழைப்பை இப்போது யார் தாங்குகிறார்கள்? எனக்குத் தெரிந்தவரை நீங்கள்தான். ஐந்தே முக்காலுக்கு மூன்று முறை எழுப்பி, காரில் கொண்டு விட்டு, வராத நாளுக்குக் கோச்சுக்கு மெசேஜ் போட்டுச் சமாளிப்பதும் நீங்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதை நிறுத்துங்கள். ஃபுட்பாலை இல்லை, எழுப்புவதை. கோடையில் பள்ளி நடத்தும் உடற்பயிற்சி முகாமுக்கு அலாரத்தை அவனே வைக்கட்டும். போகாவிட்டால் கோச்சிடம் அவனே பதில் சொல்லட்டும், சீசன் தொடங்கும்போது பெஞ்சில் உட்கார வைத்தாலும் நீங்கள் பேசப் போகாதீர்கள். பதினாறு வயதில் பெஞ்சில் உட்காருவது மலிவு.

கோச் என்றால் தலைமைக் கோச்சைக் கேட்காதீர்கள், அவருக்கு வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும், நல்லபடியாகத்தான் சொல்வார். லைன் கோச்சைத் தனியாகப் பாருங்கள். "மேட்சை விடுங்க, பிடிக்காத ட்ரில் கொடுத்தா என்ன பண்றான்?" என்று கேளுங்கள். கல்லூரியிலிருந்து ஆள் பார்க்க வருகிறவர்களும் இதைத்தான் விசாரிப்பார்கள், விசிலுக்குப் பிறகு பையன் என்ன செய்கிறான் என்று ஆட்டத்தின் வீடியோவில் பார்ப்பார்கள்.

படிப்பு. டெக்சஸில் 1984இலிருந்து ஒரு சட்டம் உண்டு, ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் ஆட முடியாது, சில உயர்நிலைப் பாடங்களுக்கு மட்டும் விலக்கு. அதை விடப் பெரியது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் கணக்கு. மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் ஆட 16 அடிப்படைப் பாடங்கள், அவற்றில் 2.3 ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேண்டும். 16இல் 10 பாடத்தை சீனியர் வருடம் (பன்னிரண்டாம் வகுப்பு) தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும், அப்புறம் அவற்றைத் திரும்ப எழுதி மதிப்பெண்ணைக் கூட்ட முடியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எண்ணிக்கை ஓடுகிறது. பள்ளி ஆலோசகரிடம் இந்த வாரமே அந்தப் பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் பயம் சரிதான். அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் பையன்கள் பள்ளியில் ஃபுட்பால் ஆடுகிறார்கள், என்எஃப்எல் டிராஃப்ட்டில் வருடத்துக்குச் சுமார் 260 பேர்தான். ஆனால் நாம் என்எஃப்எல்லுக்கா போகிறோம்? நல்ல கல்லூரியில் கட்டணமில்லாமல் படிக்க ஒரு வழி இருக்கலாம், அவ்வளவுதான். அதற்கு முயற்சி செய்யும்போதே கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கும் படிக்கட்டும், ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

உங்கள் ஊர் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணிக்கு ஆடிய ஜே.ஜே. வாட் கதையையும் பையனிடம் பேசிப் பாருங்கள். கையிலிருந்த ஸ்காலர்ஷிப்பை விட்டுவிட்டு, விஸ்கான்சின் அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து, நடுவில் பீட்சா டெலிவரி செய்தவர். 2011இல் டெக்ஸன்ஸ் 11ஆவது ஆளாக எடுத்தது, மூன்று முறை சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது வாங்கினார். அறிவுரையாகச் சொன்னால் காதில் வாங்க மாட்டான், சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் எனக்கு எழுதுங்கள். கோடையில் எத்தனை காலை போனான் என்ற கணக்கோடு. அந்தக் கணக்கை நீங்கள் வைக்க வேண்டாம், ஃபிரிட்ஜில் ஒரு காலண்டரை ஒட்டிவிட்டு அவனையே குறிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள்கூடப் போகாவிட்டால் அப்போது அப்பா சொல்வதைப் பேசுவோம்.