படைவீட்டுக் கேள்விகள்: அதிகாரியும் இல்லை, சிப்பாயும் இல்லை

இரண்டு இதழ்களுக்கு முன் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் தளபதி ரோமெல் பற்றிய ஒரு பதிலில், ‘அவர் ஃபானென்யுங்கராகச் சேர்ந்தார்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த வாரம் முழுக்க ஒதுக்கியிருக்கிறேன். பீரங்கி, டாங்கி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரா.கோ., தூத்துக்குடி: ஃபானென்யுங்கர், ஃபென்ரிஷ் என்பவர்கள் அதிகாரிகளா, சிப்பாய்களா? நம் ராணுவத்தில் யாருக்குச் சமம்?

சிப்பாய்க்கு மேலே, லெப்டினன்டுக்குக் கீழே. ஆனால் ஹவில்தார், சுபேதார் போல அந்த வரிசையிலேயே ஏறி ஓய்வு பெறும் ஆள் அல்ல. அதிகாரி ஆவதற்கென்றே வந்து, வழியில் நிற்பவர். நம்மூரில் டேராடூனிலும் பரங்கிமலையிலும் ஜென்டில்மேன் கேடட் என்கிறோமே, அவருக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஃபானென்யுங்கர் கீழ்ப்படி, ஃபென்ரிஷ் மேல்படி.

வித்தியாசமும் உண்டு. நம் கேடட் அகாடமியில் தேறி வெளியே வந்த பிறகுதான் தன் பட்டாளத்தைப் பார்க்கிறார். பழைய ஜெர்மன் முறையில் முதலில் ஒரு ரெஜிமென்டில் சேர வேண்டும். சிப்பாய்களோடு துப்பாக்கி துடைத்து, கார்ப்பரலாகி, சார்ஜென்டாகி, அதற்குப் பிறகே அதிகாரிப் பயிற்சி தரும் போர்ப்பள்ளி. ரோமெலையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியர் மகன். பீரங்கிப் படையில் இடமில்லை, பொறியியல் படையிலும் இடமில்லை. கடைசியில் வூர்ட்டம்பெர்க்கின் 124ஆவது காலாட்படை ரெஜிமென்ட் எடுத்துக்கொண்டது. உடல் பரிசோதனையில் குடலிறக்கம் என்று தெரிய, அறுவை சிகிச்சை செய்துகொண்டு 1910 ஜூலையில் சேர்ந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் கார்ப்பரல், சார்ஜென்ட். 1911 மார்ச்சில் டான்சிக் போர்ப்பள்ளி. 1912 ஜனவரியில் லெப்டினன்ட். ஒன்றரை வருடம்தான்.

செ.வி., ஈரோடு: அந்தப் பெயர்களில் கொடி இருக்கிறது என்கிறார்கள். எந்தக் கொடி?

ஜெர்மனில் ‘ஃபானெ’ என்றால் கொடி. 16ஆம் நூற்றாண்டில் லாண்ட்ஸ்க்னெஷ்ட் என்ற கூலிப்படைகள் ஜெர்மன் நிலமெங்கும் இருந்தன. சுமார் 400 பேர் கொண்ட ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பெரிய கொடி, அதைத் தூக்க ஓர் ஆள். அவர்தான் ஃபென்ரிஷ். கொடியைக் கையில் கொடுக்கும்போதே பயங்கரமான உறுதிமொழி ஒன்றையும் வாங்கிக்கொள்வார்களாம்: வலக்கை போனால் இடக்கையில் பிடிப்பேன், இரண்டும் போனால் பல்லால் கவ்வுவேன், அதற்கும் வழியில்லை என்றால் கொடியை உடம்பில் சுற்றிக்கொண்டு சாவேன். இதற்குத் தகுந்தபடி சம்பளமும் சாதாரண வீரனைவிடப் பல மடங்கு.

வட ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் இந்தக் கொடிக்காரர் காலப்போக்கில் அதிகாரி வரிசையின் கடைசிப் படியாகிவிட்டார். குதிரைப்படையில் அதே இடத்துக்குக் கோர்னெட் என்று பெயர். 1806இல் ஜேனா போரில் நெப்போலியனிடம் பிரஷ்யப் படை சின்னாபின்னமானது. அடுத்த ஆண்டே வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். ஃபென்ரிஷ் என்ற அதிகாரிப் பதவி ஒழிந்தது. அதற்குப் பதில் 1807இல் ‘போர்ட்டெபே ஃபென்ரிஷ்’ வந்தது. இது அதிகாரிப் பதவி அல்ல, அதிகாரியாகக் காத்திருப்பவரின் பதவி. இவர் கொடியையும் தூக்க வேண்டியதில்லை.

போர்ட்டெபே என்பது வாளின் கைப்பிடியில் கட்டும் வெள்ளி இழை நாடா. டிரெஸ்டன் ராணுவ அருங்காட்சியகம் போன இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். ஒரு விரல் அகலம்கூட இல்லை. நுனியில் ஏலக்காய் போல இறுக்கமான ஒரு குஞ்சம். ஆதியில், குதிரை மேல் சண்டை போடும்போது கை நழுவினாலும் வாள் கீழே விழாமல் இருக்க மணிக்கட்டில் மாட்டிய வார்தான் அது. பிறகு அதிகாரியின் அடையாளமாகிவிட்டது. அதிகாரி ஆகாத ஒரு பையனுக்கு அதைக் கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தால், பட்டாளத்தில் எல்லோருக்கும் சேதி புரிந்துவிடும்: ‘இவனை அதட்டும்போது பார்த்து அதட்டு, நாளைக்கு இவனுக்கு நீ சல்யூட் அடிக்க வேண்டியிருக்கும்.’ ஜெர்மன் ராணுவத்தில் யாரும் வாள் கட்டாத இந்தக் காலத்திலும், மூத்த ஹவில்தார்களின் வகுப்புக்கு ‘போர்ட்டெபே உள்ளவர்கள்’ என்றுதான் பெயர்.

1899 புத்தாண்டு அன்று கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் பிரெஞ்சுப் பெயர்களைத் துரத்தினார். அதுவரை புதிதாகச் சேரும் பையனுக்கு ‘அவான்டாஷோர்’ என்று பெயர். அவர் ஃபானென்யுங்கர் ஆனார். போர்ட்டெபே ஃபென்ரிஷ் வெறும் ஃபென்ரிஷ் ஆனார். வேலையில் ஒரு மாற்றமும் இல்லை.

மு.த., காரைக்குடி: சிறுவர்களையும் சேர்த்தார்களாமே?

சேர்த்தார்கள், அதுவும் சின்னப் பையன்களை. ‘போர் பற்றி’ எழுதிய கிளாவுசெவிட்ஸ் 12 வயதில் பிரஷ்யப் படைக்கு வந்தவர். 1793இல் மைன்ஸ் முற்றுகையில் குண்டுச் சத்தம் கேட்டுவிட்டார். நம் வீட்டில் அந்த வயதில் ஏழாம் வகுப்புப் பரீட்சைக்குப் பயப்படுவார்கள்.

இன்னொரு வழி, 1717இல் பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெடெரிக் வில்லியம் பெர்லினில் தொடங்கிய கேடட் படை. பின்னாளில் ஜெர்மனியின் தளபதியும் ஜனாதிபதியுமான ஹிண்டன்பர்க் 11 வயதில் வால்ஷ்டாட் கேடட் பள்ளியில் சேர்ந்தார். முதல் உலகப் போர் விமானி ‘செம்பரோன்’ ரிஷ்தோஃபன் படித்ததும் அதே பள்ளி. கேடட் பள்ளியில் படித்த பெரும்பாலோர் ஃபென்ரிஷாகத்தான் ரெஜிமென்டுக்குப் போவார்கள். ‘செலெக்டா’ என்ற உச்ச வகுப்புக்குத் தேர்வானவர்கள் மட்டும் நேரே லெப்டினன்ட். ஹிண்டன்பர்க் அந்த ரகம். 1866 போருக்கு 18 வயது லெப்டினன்டாகப் போனார்.

ஜெ.பா., சேலம்: பரீட்சையில் தேறினால் போதுமா? சிபாரிசு வேண்டாமா?

நல்ல கேள்வி. ஜபல்பூரில் நான் கிளார்க்காக இருந்த நாட்களில் இதையே பலரும் என்னிடம் கிசுகிசுப்பார்கள்.

காகிதத்தில், 1808 ஆகஸ்ட் 6ஆம் தேதியிட்ட பிரஷ்ய ஆணை மிகப் புரட்சிகரமானது. அமைதிக் காலத்தில் அறிவும் கல்வியும், போர்க்காலத்தில் வீரமும் நிதானமான பார்வையும். அதிகாரிப் பதவிக்கு இவைதான் தகுதி, பிறப்பு அல்ல என்றது. ராணுவச் சீர்திருத்தக்காரர் ஷார்ன்ஹோர்ஸ்டும் அவருடைய சகாக்களும் செய்த வேலை. அதன்படி பரீட்சைகள் வந்தன.

ஆனால் வாசலில் இரண்டு காவல்காரர்கள் நின்றார்கள். முதல் ஆள் ரெஜிமென்டின் கர்னல். பையனைச் சேர்ப்பதும் விடுவதும் அவர் இஷ்டம். அப்பா என்ன வேலை, வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு பணம் வரும் என்று விசாரிப்பார். லெப்டினன்ட் சம்பளத்தில் மெஸ் செலவுக்கும் உடுப்புக்கும் கட்டுப்படியாகாது. 1890இல் கெய்சரே தலையிட்டு, காலாட்படைக்கு மாதம் 45 மார்க், குதிரைப்படைக்கு 150 மார்க் என்ற அளவுக்கு மேல் வீட்டுப் பணம் எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆடம்பர ரெஜிமென்டுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது காவல், வாக்கெடுப்பு. எனக்குத் தெரிந்து இந்த வரலாற்றிலேயே விசித்திரமான விஷயம் இதுதான். ஃபென்ரிஷ் போர்ப்பள்ளி முடித்து, அதிகாரித் தேர்வும் தேறி, அதிகாரியின் வாளைக் கட்டிக்கொண்டு திரும்பி வருவார். இப்போது அவருக்கு ‘டேகன்ஃபென்ரிஷ்’ என்று பெயர். அவர் இல்லாத நேரத்தில் ரெஜிமென்டின் அதிகாரிகள் எல்லோரும் கூடுவார்கள். இவனை நம்மில் ஒருவனாக ஏற்கலாமா? கடைசி லெப்டினன்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். மேஜர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் சின்னவர்கள் எல்லோரும் அதையே ஒப்பிப்பார்கள் அல்லவா, அதனால்தான் இந்த ஏற்பாடு. பெரும்பான்மை வேண்டாம் என்றால் கதை முடிந்தது. ஒரு சிலர் மட்டும் மறுத்தால், காரணத்தோடு மன்னருக்கு எழுதி அனுப்புவார்கள்.

கேட்க ஜனநாயகம் போலத்தான் இருக்கிறது. நடைமுறையில் சரியான ஜாதிக்கட்டு. 1860இல் பிரஷ்ய அதிகாரிகளில் நூற்றுக்கு 65 பேர் பிரபுக்கள். 1913இல் அது 30 ஆக இறங்கியது, உண்மைதான். ஆனால் இறங்கிய இடத்துக்கு யார் வந்தார்கள் என்பதைக் காசினோ (அதிகாரிகள் மெஸ்) மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களே முடிவு செய்தார்கள். 1885க்குப் பிறகு, மதம் மாறாத யூதர் ஒருவர்கூடப் பிரஷ்யாவில் ரிசர்வ் அதிகாரி ஆகவில்லை. தடை செய்யும் சட்டம் எதுவும் கிடையாது. வாக்கெடுப்பே போதுமானதாக இருந்தது. பின்னாளில் வெளியுறவு அமைச்சரான வால்டர் ராத்தெனாவ் யூதர், பெர்லினில் மன்னரின் மெய்க்காவல் குதிரைப்படையில் சொந்தச் செலவில் ஒரு வருடச் சேவை செய்தவர் (படித்தவர்கள் ரிசர்வ் அதிகாரி ஆக அதுதான் வழி). பெரும் தொழிலதிபர் மகன், பணத்துக்குக் குறைவில்லை. அவருக்கும் அதிகாரிப் பதவி கிடைக்கவில்லை.

வாசகி, கும்பகோணம்: தத்துவஞானி விட்கென்ஸ்டைன் ராணுவ அதிகாரியாக இருந்தாரா? அவரும் இந்த வழியில் வந்தவரா?

அவர் ஆஸ்திரியர், அங்கே ஏற்பாடு வேறு. 1751இல் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா வீனர் நோய்ஸ்டாட்டில் அகாடமி தொடங்கினார். ‘திறமையான அதிகாரிகளாகவும் நேர்மையான மனிதர்களாகவும் ஆக்கித் தாரும்’ என்று தளபதி டாவுனிடம் சொன்னாராம். அந்த அகாடமியில் தேறியவர் நேராக லெப்டினன்ட். சாதாரணக் கேடட் பள்ளியில் தேறியவரோ ‘கேடட் அதிகாரித் துணைவர்’ என்ற நீளமான பதவியில் கொஞ்சகாலம் காத்திருக்க வேண்டும். இந்த நீளப் பெயருக்கு 1908இல்தான் விமோசனம் கிடைத்தது. அதையும் ஃபென்ரிஷ் ஆக்கினார்கள்.

படித்தவர்களுக்கு ‘ஒரு வருடத் தொண்டர்’ என்ற வழியும் இருந்தது. பள்ளி இறுதி முடித்தவர் மூன்று வருடத்துக்குப் பதில் ஒரே வருடம் சேவை செய்து ரிசர்வ் அதிகாரி ஆகலாம். சட்டைக்கையில் மஞ்சள் பட்டை ஒன்று தைத்திருக்கும். மற்ற சிப்பாய்கள் அதற்கு ‘புத்திசாலிப் பட்டை’ என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள். யூதர்களுக்கு இங்கே கதவு திறந்திருந்தது. ஆஸ்திரிய ரிசர்வ் அதிகாரிகளில் கணிசமானவர்கள் யூதர்கள். இந்த விஷயத்தில் என் ஓட்டு வியன்னாவுக்கே.

விட்கென்ஸ்டைனுக்கும் குடலிறக்கம்தான் (ஏனோ இந்த வாரம் அது விடாமல் வருகிறது). அதனால் கட்டாயச் சேவையிலிருந்து விலக்குப் பெற்றவர், 1914 ஆகஸ்டில் தானாகப் போய்ச் சேர்ந்தார். ஐரோப்பாவின் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை, விஸ்டுலா ஆற்றில் ரோந்துப் படகில் சாதாரணச் சிப்பாய். 1916இல் போர்முனையில் காட்டிய தைரியத்துக்குப் பிறகு ஒல்முட்ஸ் நகரத்துப் பீரங்கி அதிகாரிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஃபென்ரிஷ் ஆனார். 1918இல் லெப்டினன்ட்.

எஸ்.என்., மதுரை: முதல் உலகப் போரில் தோற்ற பிறகு இந்தப் பதவிகள் என்ன ஆயின?

வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு 1,00,000 பேர் படை, அதில் 4,000 அதிகாரிகள் என்று கட்டுப்படுத்தியது. இடம் குறைந்ததால் வடிகட்டுவது கடுமையானது. லெப்டினன்ட் ஆக ஏறக்குறைய நான்கு வருடம். ஃபென்ரிஷுக்கு மேல் ‘ஓபர்ஃபென்ரிஷ்’ என்று இன்னொரு படியும் வந்தது. 1926இல் பாம்பெர்க் குதிரைப்படையில் சேர்ந்த ஷ்டாவுஃபென்பெர்க் லெப்டினன்ட் ஆனது 1930இல். பின்னாளில் ஹிட்லரின் மேஜைக்கடியில் குண்டு வைத்தவர் இவர்தான்.

ஆனால் அதற்கு முன்பே இதே ரகப் பையன்கள் ஹிட்லர் பக்கம் போன கதையும் உண்டு. 1923 நவம்பர் 8 இரவு, மியூனிக் காலாட்படைப் பள்ளியின் மாணவர்கள் கூட்டமாக ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் இறங்கிவிட்டார்கள். ரோஸ்பாக் என்ற தன்னார்வத் துணைப்படைத் தலைவர் வந்து, முதல் உலகப் போர்த் தளபதி லூடென்டார்ஃப் பெயரைச் சொன்னதும் புறப்பட்டாயிற்று. தங்கள் தளபதியையே காவலில் வைத்தார்கள். மறுநாள் எல்லாம் பிசுபிசுத்தது. தலைமைத் தளபதி செய்க்ட் பள்ளியையே மியூனிக்கிலிருந்து பெயர்த்து, துரிங்கியாவின் ஓர்ட்ரூஃபுக்குக் கொண்டுபோனார். 1926இல் அது டிரெஸ்டனுக்கு மாறியது. பரீட்சை, வாக்கெடுப்பு, குடும்பம், குலம் எல்லாம் சலித்துப் பொறுக்கி எடுத்த பிள்ளைகள் இவர்கள்!

க.ரா., புதுச்சேரி: கிழக்கு ஜெர்மன் ராணுவப் படம் ஒன்றில் 40 வயது ஃபென்ரிஷைப் பார்த்தேன். இத்தனை வயதில் கேடட்டா?

அவர் கேடட் இல்லை. கிழக்கு ஜெர்மனியில் அதிகாரிப் பயிற்சியில் இருந்தவருக்கு ‘அதிகாரி மாணவர்’ என்று மட்டும் பெயர். 1970களில் ஃபென்ரிஷ் என்ற பெயரை எடுத்து, ஹவில்தாருக்கும் அதிகாரிக்கும் நடுவில் தனி வரிசை ஒன்றுக்குச் சூட்டினார்கள். சோவியத் படையின் பிராப்போர்ஷிக்கைப் பார்த்துச் செய்தது. நீங்கள் பார்த்தவர் அனுபவமுள்ள தொழில்நுட்ப ஆள். நம் சுபேதாருக்குச் சொந்தம்.

தி.மு., நாகர்கோவில்: இன்றைக்கு நிலைமை என்ன? என் பேத்தி ஜெர்மனியில் படிக்கிறாள், அவள் தோழி சேரப் போகிறாளாம்.

பெண்களுக்கு 2001 முதல் எல்லாப் பிரிவும் திறந்திருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2000இல் கொடுத்த தீர்ப்பால் வந்த மாற்றம். தோழி சாதாரணச் சிப்பாயாகத் தொடங்குவார், பதவிப் பெயரோடு ‘அதிகாரி விண்ணப்பதாரர்’ என்ற ஒட்டும், தோளில் வெள்ளி நிறக் கயிறும் இருக்கும். ஒரு வருடத்தில் ஃபானென்யுங்கர், 21 மாதத்தில் ஃபென்ரிஷ், 30இல் ஓபர்ஃபென்ரிஷ், 36 மாதம் முடிந்தால் லெப்டினன்ட். கடற்படை என்றால் முதல் படிக்கு ‘சேகாடெட்’ என்று பெயர். ஃப்ளென்ஸ்பர்க் மூர்விக் பள்ளியும், ‘கோர்ஷ் ஃபோக்’ பாய்மரக் கப்பலும் காத்திருக்கும். தரைப்படைக்கு அதிகாரிப் பள்ளி 1998 முதல் மறுபடியும் டிரெஸ்டன். நடுவில் ஹாம்பர்க் அல்லது மியூனிக்கில் உள்ள ராணுவப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு. வாக்கெடுப்பு கிடையாது.

அதே வாசகர்: சுவிட்சர்லாந்து?

அங்கே நிரந்தரப் படையே பெயருக்குத்தான். எல்லோரும் கட்டாயப் பயிற்சிக்கு வந்தவர்களே, அவர்களிலிருந்தே அதிகாரிகளைப் பொறுக்குகிறார்கள். ஃபென்ரிஷ் என்ற பதவி சுவிஸ் படையில் உண்டு. அவர் அதிகாரி ஆகக் காத்திருப்பவர் அல்ல. பட்டாலியன் கொடியைத் தூக்கும் மூத்த ஹவில்தார். இன்னொன்று, ‘எனக்குப் பதவி வேண்டாம், சிப்பாயாகவே இருந்துவிட்டுப் போகிறேன்’ என்று சொன்னாலும் அங்கே விடமாட்டார்கள். தகுதி இருக்கிறது என்று மேலே இருப்பவர் முடிவு செய்தால், பதவியை ஏற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.