பேரிகையில் ஒயின் திராட்சை வருமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் பேரிகை அருகே எனக்கு 2 ஏக்கர் நிலம் இருக்கிறது. இப்போது தக்காளி போட்டிருக்கிறேன். பெங்களூரு அருகே நந்தி மலைப் பக்கம் ஓர் ஒயின் தோட்டத்தைப் பார்க்கப் போனபோது, நல்ல கொத்துகளை வெட்டித் தரையில் போட்டிருந்தார்கள். மனம் பதறியது. ஏன் அப்படிச் செய்கிறார்கள்? என் நிலத்தில் ஒயின் திராட்சை வைக்கலாமா?

பதில்: காய்த்ததை வெட்டிப் போடுவதைப் பார்த்தால் எந்த விவசாயிக்கும் பதறத்தான் செய்யும். ஆனால் ஒயினின் தரம் பெரும்பாலும் அந்த வெட்டில்தான் இருக்கிறது. பந்தல் திராட்சையில் நாம் எடையைப் பார்க்கிறோம். ஒயின் தயாரிப்பவர் தோலைப் பார்க்கிறார். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குபவை. சதையை மட்டும் பிழிந்தால் அநேகமாக நிறமில்லாத சாறுதான் வரும். கொடியில் சுமை கூடினால் பழுப்பது தள்ளிப்போகும், நிறமும் மணமும் நீர்த்துவிடும். அதனால் நல்ல சிவப்பு ஒயினுக்கு ஏக்கருக்கு 3, 4 டன்னோடு நிறுத்திக்கொள்வார்கள். காய் நிறம் மாறும்போது பின்தங்கி நிற்கும் கொத்துகளைக் கழித்துவிடுவார்கள். நீங்கள் பார்த்தது அதுதான்.

அறுவடை நெருங்கும்போது ஒயின் தயாரிப்பவருடன் வரிசைக்குள் நடந்து பாருங்கள். ஒரு பழத்தை வாயில் போட்டு, சதையை விழுங்கிவிட்டு, விதையைக் கடிப்பார். முற்றாத விதை பச்சையாக இருக்கும். கசந்து நாக்கை இழுக்கும். முற்றியது பழுப்பேறி, வறுத்த கடலை போல் நொறுங்கும். சர்க்கரை 23 பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பை அளக்கும் அலகு) வந்துவிட்டது என்று கருவி சொன்னாலும், விதை பச்சையாக இருந்தால் கத்தரியை எடுக்கமாட்டார். இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பொறுமையைத்தான்.

இனி உங்கள் நிலம். ஓசூர், தளி, பேரிகை மேட்டுப்பகுதி ஏறக்குறைய நந்தி மலை அடிவாரத் தோட்டங்களின் உயரத்தில்தான் இருக்கிறது, அதனால் இரவு குளிரும். இரவு குளிர்ந்தால்தான் பழத்தில் புளிப்பு நிற்கும். தருமபுரி சமவெளியில் இரவு வெக்கை அதைத் தின்றுவிடும். அங்கே நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உங்களுக்குச் சிக்கல் மழையில்தான். நம் பகுதியில் கொடி பனிக்கால உறக்கத்துக்குப் போவதில்லை. அதனால் ஏப்ரலில் ஒரு கவாத்து (கிளைகளை வெட்டி விடுவது), செப்டம்பர், அக்டோபரில் காய்ப்புக் கவாத்து. பழம் பிப்ரவரி, மார்ச்சில் வரும். இரண்டாம் கவாத்துக்குப் பின் வரும் இளந்தளிர் வடகிழக்குப் பருவமழையில் மாட்டினால் அடிச்சாம்பல் நோய் பிடித்துக்கொள்ளும். கம்பியில் கொடியை நிமிர்த்திக் கட்டி, கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் நடவே வேண்டாம்.

ரகத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நர்சரியில் எளிதாகக் கிடைக்கும் பெங்களூர் புளூ சாற்றுக்கும் சாப்பிடவும் நல்லது. உயர்தர ஒயினுக்கு ஷிராஸ், கேபர்நே சோவின்யோன் போன்றவை வேண்டும். குரோவர் ஒயின் நிறுவனத்தைத் தொடங்கிய கன்வல் குரோவர் நந்தி மலை அடிவாரத்தில் அப்படிப்பட்ட பிரெஞ்சு ரகங்களைத்தான் வளர்த்தார், அதுவும் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்த பிறகு.

முக்கியமான ஒன்று: ஒயின் திராட்சை சிறியது, விதை நிறைந்தது. சந்தையில் சாப்பிட யாரும் வாங்கமாட்டார்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது தமிழகத்தில் குற்றம். ஆகவே ரகம், சர்க்கரை அளவு, விலை மூன்றையும் எழுதிய ஒப்பந்தம் ஓர் ஒயின் ஆலையிடமிருந்து கைக்கு வந்த பிறகே குழி தோண்டுங்கள். முதலில் அரை ஏக்கர் போதும். நல்ல விளைச்சலுக்கு மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்; அதுவரை மீதி ஒன்றரை ஏக்கரில் தக்காளி இருக்கட்டும்.