மான் வேட்டைக்கு எந்தக் கிளைம்பர்? கேள்வி பதில்

பென்சில்வேனியா காடுகளில் 15 பருவங்களாக வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறேன், பெரும்பாலும் கிளைம்பரில். புதியவர்களுக்காக ஒரு வரி: கிளைம்பர் என்பது நாமே மரத்தில் ஏற்றிக்கொண்டு போகும் இரண்டு துண்டுப் பரண். மேலே இருக்கை, கீழே மிதிதளம். மரத்தைச் சுற்றிய கம்பிவடமும் பட்டையில் பதியும் பற்களும் இரண்டையும் பிடித்து நிறுத்தும். உட்கார்ந்து காலால் மிதிதளத்தை இழுக்க வேண்டும், எழுந்து நின்று இருக்கையை உயர்த்த வேண்டும். கம்பளிப்பூச்சி நகர்வது போலத்தான். கேள்வி கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

ஓஹாயோ: அண்ணா, முதல் கிளைம்பர் வாங்கப் போகிறேன். வசதியைப் பார்ப்பதா, சத்தம் இல்லாததைப் பார்ப்பதா?

இரண்டையும் பிரிக்காதீர்கள் தம்பி. இடுப்பு வலித்தால் உடம்பு அசையும். உடம்பு அசைந்தால் பரண் முனகும். வசதியான இருக்கையில்தான் நான்கு மணி நேரம் கல்லாகச் சமைந்திருக்க முடியும்.

சம்மிட் கம்பெனியின் வைப்பர் கிளைம்பரில் மெத்தை இருக்கை வார்களில் தொங்குகிறது. முதுகு சாய்ந்துகொள்ளும், உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். எடை சுமார் 20 பவுண்டு. சுற்றி வரும் முன்கம்பி துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்க நல்லது, உட்கார்ந்தபடி வில் இழுப்பவருக்கு இடைஞ்சல். லோன் உல்ஃப் கம்பெனிக் கிளைம்பரின் மிதிதளம் ஒரே வார்ப்பு அலுமினியம். பற்றவைத்த குழாய்கள் இல்லாததால் கணீரென்று ஒலிக்காது, மடித்தால் தட்டையாக முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இருக்கை மெலிது. துப்பாக்கிக்காரர் முதலாவதையும், வில்லுடன் வெகுதூரம் நடப்பவர் இரண்டாவதையும் பார்க்கலாம்.

குளிர்கால உடுப்பு முழுவதையும் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தொடைக்கடியில் விளிம்பு அழுத்தினால் அது உங்களுக்கானதல்ல. எடை வரம்பில் உடுப்பு, பை, ஆயுதம் எல்லாம் அடக்கம்.

ஜார்ஜியா: விலை உயர்ந்ததைத்தான் வாங்கினேன். ஆனாலும் கிறீச்சிடுகிறது. ஏன்?

சத்தத்தைக் கடையில் தீர்க்க முடியாது, வீட்டில்தான் தீர்க்க வேண்டும். இரவில் தெரு அடங்கிய பிறகு கொல்லை மரத்தில் இரண்டடி ஏறி நின்று, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுங்கள். பகலில் கேட்காத முனகல் அப்போது கேட்கும். என் பழைய பரணில் மிதிதளத்தின் இடது மூலைத் திருகாணி ஒன்றுதான் அத்தனை சத்தத்துக்கும் காரணமாக இருந்தது. இரும்பும் அலுமினியமும் உரசிய இடத்தில் மெல்லிய கறுப்புப் பொடி படிந்திருந்தது. ஒரு நைலான் வாஷர் போட்டதும் அடங்கிவிட்டது.

பிறகு, இரண்டு துண்டுகளும் முட்டிக்கொள்ளும் இடங்களில் ஹாக்கி டேப்பையோ பழைய சைக்கிள் டியூபையோ சுற்றுங்கள். கம்பிவடத்தில் தொங்கும் பூட்டு ஊசிகளையும் கட்டிவையுங்கள், நடக்கும்போது அவைதான் கிணுகிணுக்கும்.

மரத்துக்கும் பங்கு உண்டு. உங்கள் ஊர்ப் பைன் மரத்தில் பல் மெத்தென்று இறங்கும். செதில் செதிலாகப் பட்டை உரியும் ஷாக்பார்க் ஹிக்கரியில் ஏறினால் ஒவ்வோர் அடிக்கும் சருகு மழைதான்.

மிச்சிகன்: எங்கள் நிலத்தில் நேரான ஆஷ் மரங்கள் நிறைய. ஏறலாமா?

பட்டுப்போன ஆஷ் மரத்தில் ஏறவே கூடாது. மரகத வண்டு உங்கள் மாநிலத்தில்தான் 2002இல் முதலில் கண்டறியப்பட்டது. அது அரித்த மரம் வெளியே நேராக நிற்கும், உள்ளே நொறுங்கிப்போயிருக்கும். உயிருள்ள ஓக் தேடுங்கள். ஹார்னஸை, அதாவது விழாமல் நம்மை மரத்தோடு பிணைக்கும் உடல்வாரை, தரையிலேயே மாட்டுங்கள்.

வட கரோலினா: கீழே மட்டமாக இருக்கும் மிதிதளம், மேலே போனதும் முன்பக்கம் சரிகிறது.

அடிமரம் பருமன், மேலே போகப் போக மெலியும். மெலிந்த இடத்தில் கம்பிவடம் தளர, வெளி விளிம்பு தாழ்கிறது. கிளம்பும்போதே முன்பக்கம் தூக்கலாக இருக்கும்படி மாட்டுங்கள். 18 அடியில் மட்டமாகிவிடும்.

நியூ ஜெர்சி: கிளைம்பர் காலம் முடிந்துவிட்டது. சாடில்தான் இலகு, சத்தமும் இல்லை. ஏன் சொல்ல மறுக்கிறீர்கள்?

மறுக்கவில்லை. இடுப்பைச் சுற்றிய துணித்தொட்டில், கயிறு, ஏறுகுச்சிகள், அவ்வளவுதான். வளைந்த மரமும் கிளைகள் மண்டிய மரமும் சாடிலுக்கு ஒன்றுதான். கிளைம்பருக்குக் கிளையற்ற நேரான மரம் வேண்டும். இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஓஹாயோ தம்பி மறுபடியும்: அப்படியானால் நான் சாடிலே வாங்கிவிடவா?

ஜார்ஜியா: வேண்டாம்! ஒரு பருவம் தொங்கிப் பார்த்தேன், இடுப்பெலும்பு இரண்டும் வலித்துவிட்டது.

நியூ ஜெர்சி: வாரைச் சரியாக வைக்கத் தெரியாததால் வந்த வலி அது.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வார் தொடைப் பக்கம் இறங்கினால் இடுப்பு நெரிபடாது. பழகினால் சாடிலில் மரத்தையே மறைவாக்கிச் சுற்றி வரலாம். ஆனால் சத்தமே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். இருட்டில் நான்கு குச்சிகளைக் கட்டும்போது ஒரு கொக்கி தட்டினால் போதும், மான் காதைத் திருப்பிவிடும். எனக்கு 52 வயது, முதுகு சாய இடம் வேண்டும். ஆகவே கிளைம்பர். தம்பி, உங்கள் காட்டில் நேரான மரங்கள் எத்தனை என்று எண்ணிவிட்டு முடிவெடுங்கள்.

டெக்சாஸ்: எது சிறந்த கம்பெனி?

முதல் பதிலைப் படியுங்கள்.

கோயம்புத்தூர்: இங்கே பயன்படுத்தலாமா?

வேட்டைக்குக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். தினைப்புனம் காக்கப் பரண் கட்டிய மரபு நம்முடையது. இன்று அந்த உயரத்திலிருந்து பறவை பார்க்கலாம்.

விஸ்கான்சின்: எந்த பிராண்டில் சத்தம் குறைவு?

ஜார்ஜியாக்காரருக்குச் சொன்னதேதான். இதே கேள்விக்கு இன்று மறுபடி பதில் எழுத மாட்டேன்.

டென்னசி: 20 ஆண்டுகளாக ஹார்னஸ் இல்லாமல் ஏறுகிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

இதற்கு எத்தனை முறை கேட்டாலும் பதில் சொல்வேன். என் மூன்றாவது பருவத்தில் இரண்டு துண்டுகளையும் இணைக்கும் கயிற்றைக் கட்ட மறந்துவிட்டேன். அந்தியில் இறங்க எழுந்தபோது என் கால், மிதிதளத்தைப் பிடித்திருக்கும் வளையத்திலிருந்து வழுவியது. மிதிதளம் சாய்ந்து, பட்டையைச் சீவிக்கொண்டே அடிமரத்துக்குப் போய் விழுந்தது. நான் இருக்கையில், கால்கள் வெறுவெளியில். ஹார்னஸ் மரத்தோடு பிணைத்திருந்ததால்தான் நிதானமாகத் தொலைபேசியை எடுக்க முடிந்தது. நண்பர் ஏணியோடு வர 40 நிமிடம் ஆனது. கயிறு கட்டியிருந்தால் மிதிதளம் கீழே தொங்கியிருக்கும், நானே இழுத்து மாட்டியிருப்பேன்.

தரையை விட்டுக் கால் எழும் முன்பே மரத்தைச் சுற்றிய கயிற்றோடு ஹார்னஸை இணையுங்கள். ஏற ஏற அதையும் மேலே நகர்த்துங்கள். தொங்க நேர்ந்தால் வார் தொடையை இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அதற்காகவே காலூன்ற ஒரு வளையம் இருக்கிறது, அதைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். துப்பாக்கியைக் குண்டு இல்லாமல் கயிற்றில் கட்டிவிட்டு, நீங்கள் ஏறிய பிறகு மேலே இழுங்கள்.

டென்னசி: சரி அண்ணா, வாங்குகிறேன். பழையது ஒன்று இரண்டாம் கையாகக் கிடைக்கிறது.

வேண்டாம். வார்த்துணி வெயிலில் நைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. புதியதை வாங்கி, தயாரித்த தேதியைச் சீட்டில் பார்த்துக் குறித்துவையுங்கள். முதல்முறை மாட்டும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.