ஜேம்சன் படையெடுப்பு: அழைப்புக் கடிதத்தின் தேதி

1895 டிசம்பர் இறுதியில், பிரிட்டிஷ் காலனி நிர்வாகி ஜேம்சன், போயர்கள் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) ஆண்ட டிரான்ஸ்வால் குடியரசுக்குள் படையோடு நுழைந்தார். அவரை அழைத்த கடிதம் நவம்பரில் எழுதப்பட்டதா, டிசம்பரிலா என்று புத்தகங்கள் முரண்படுவதாகக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மகளின் டர்பன் பள்ளிக் கட்டுரையில் நவம்பர் என்றே எழுதட்டும். "ஜோகன்னஸ்பர்க் பெண்களும் குழந்தைகளும் ஆபத்தில்" என்று ஜேம்சனை அழைக்கும் அந்தக் கடிதம், 1895 நவம்பரில் தேதி போடாமலே எழுதி வாங்கப்பட்டது. டிசம்பர் தேதி பின்னால் ஒட்டியது. லண்டன் டைம்ஸ் 1896 ஜனவரி 1 அன்று அச்சிட்டதை ஒரு புத்தகம் அப்படியே எடுத்திருக்கும். முரண் அங்கேதான் வந்திருக்க வேண்டும். அவசர அழைப்புக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் தயார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, ஒவ்வொரு சான்றையும் இப்படிப் பாருங்கள்: ஜோகன்னஸ்பர்க் அருகே டூர்ன்கோப்பில் ஜேம்சன் ஜனவரி 2 அன்று சரணடைந்ததற்கு முன் எழுதியதா, பின்பா? பின்பு எழுதியவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளவும் எழுதினார்கள்.

அப்புறம், ஜேம்சன் படையிடமிருந்து போயர்கள் கைப்பற்றிய பெட்டியிலிருந்த தந்திகள் வலுவான சான்று. ஆனால் அவற்றை வெளியிட்டது டிரான்ஸ்வால் அதிபர் குரூகரின் அரசு. அதற்கும் ஒரு தேவை இருந்தது.